தபால் வண்டிக்கு நேரம் குறித்தவர்: பாத் நகரத்து ஜான் பாமர்

இந்தக் காலாண்டு இதழுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல வரி சேமிப்பு பற்றி எழுதலாமா என்று யோசித்தேன். போன மூன்று இதழ்களிலும் அதையே எழுதியாயிற்று. போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் இந்த முறை ஒரு மனிதரைப் பற்றி.

1982-ல் நான் வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது முதலில் உட்கார வைத்த இடம் டெஸ்பாட்ச் பிரிவு. காலையில் வந்த தபாலைப் பிரித்து இன்வர்ட் ரிஜிஸ்டரில் ஏற்றுவது, மாலையில் போகும் தபாலுக்கு ஸ்டாம்பு ஒட்டி அவுட்வர்டில் எழுதுவது. அப்போது மெயில் டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று உண்டு. ஒரு ஊரில் பணத்தைக் கட்டினால், அந்தக் கிளை நம் கிளைக்குத் தபாலில் ஓலை அனுப்பும். ஓலை வந்த பிறகுதான் இங்கே பணம் கொடுப்போம். வடக்கே வேலை பார்த்த மகன் அனுப்பிய பணத்துக்காக ஒரு பெரியவர் ஒன்பது நாள் தொடர்ந்து கவுண்டருக்கு வந்தார். தபால் வரவில்லை ஐயா என்று ஒன்பது நாளும் நான்தான் சொன்னேன். பத்தாம் நாள் ஓலை வந்தது, ஆனால் அவர் வரவில்லை. மருத்துவமனையில் இருந்தார். அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். என் மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

கடிதம் தாமதமாவது என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்தக் கவுண்டரில்தான். பணி ஓய்வுக்குப் பிறகு பழைய தபால் வரலாறுகளைப் படிக்கத் தொடங்கியபோது இந்த ஜான் பாமர் என்னை விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் தபால்காரர் அல்ல, அரசு அதிகாரியும் அல்ல. நாடகக் கொட்டகை நடத்தியவர்.

பாமர் பிறந்தது 1742-ல், இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் உள்ள பாத் நகரில். அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. குற்றாலத்துக்குச் சீசனுக்குப் போவது போல லண்டன் பணக்காரர்கள் அங்கே குளிக்கவும் உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் போவார்கள். நீராடல் பகலோடு முடிந்துவிடும், மாலையில் பொழுது போக வேண்டுமே! அதற்கு நாடகம், நடனம், சீட்டாட்டம். பாமரின் தந்தைக்கு மது காய்ச்சும் தொழிலும் மெழுகுவர்த்தித் தொழிலும் இருந்தன, அதோடு ஆர்ச்சர்டு தெரு நாடகக் கொட்டகையும். மகன் பாதிரியாராக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை, ராணுவத்தில் சேர வேண்டும் என்று மகனுக்கு ஆசை. கடைசியில் இரண்டும் நடக்கவில்லை. தொழிலில் கணக்கு எழுத உட்கார்ந்தார்.

இன்னொரு சங்கதி. அதே ஊரில், அதே காலத்தில் இன்னொரு ஜான் பாமர் இருந்தார். அவர் கட்டடக் கலைஞர். இன்றும் புத்தகங்களில் இருவரையும் குழப்பிக்கொள்கிறார்கள். நம் பி பிளாக்கில் ஒரே பெயரில் இருவர் இருப்பதும், ஒருவரது பார்சல் இன்னொருவர் வாசலில் கிடப்பதும் நமக்குத் தெரியும். நான் சொல்வது நாடகக்கார பாமரை.

அந்நாளில் அரசரின் உரிமப் பட்டயம் இல்லாமல் முறையாக நாடகம் நடத்த முடியாது. இளைஞரான பாமர் லண்டனுக்கு அலைந்து, 1768-ல் பாத் கொட்டகைக்கு அந்தப் பட்டயத்தை வாங்கி வந்தார். லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் முதன்முதலாக அரச பட்டயம் பெற்ற கொட்டகை அதுதான். சில ஆண்டுகள் கழித்துப் பக்கத்து ஊரான பிரிஸ்டலின் கொட்டகையும் அவர் கைக்கு வந்தது. ஒரே நடிகர் குழு, இரண்டு ஊர். இரண்டுக்கும் நடுவே பதின்மூன்று மைல் தொலைவு. ஒரு நாள் இங்கே, மறுநாள் அங்கே. நடிகர்களையும் உடுப்புகளையும் திரைச்சீலைகளையும் நேரம் தவறாமல் கொண்டு சேர்க்க அவர் தனி வண்டிகள் செய்து வைத்திருந்தார். பின்னாளில் லண்டனையே மயக்கிய நடிகை சாரா சிடன்ஸ் அப்போது பாமரின் குழுவில்தான் நடித்துக்கொண்டிருந்தார். நல்ல நடிகர்களைத் தேடிப் பாமரும் நாடு முழுக்க வண்டியில் சுற்றுவார். எந்தச் சாலையில் எத்தனை மணி நேரம், எந்த விடுதியில் நல்ல குதிரை கிடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

இப்படிச் சுற்றியவர் கண்ணில் ஒரு முரண்பாடு பட்டது. பாத்திலிருந்து லண்டனுக்கு ஒரு பயணி ஓர் இரவுக்குள் வண்டியில் போய்விடுகிறார். அரசாங்கத் தபாலில் போட்ட கடிதத்துக்கோ 38 மணி நேரம்.

காரணம் எளிது. கடிதப் பையைச் சுமந்து சென்றது ஒரு பையன். கிழட்டுக் குதிரை ஒன்றின் மேல் தனியாகப் போவான். மணிக்கு மூன்று நான்கு மைல் வேகம். மழை என்றால் ஒதுங்குவான், குளிர் என்றால் சாராயக்கடையில் நுழைவான். வழிப்பறிக்காரன் வந்தால் பையைக் கொடுத்துவிட்டு உயிரோடு திரும்புவான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சம்பளம் சொற்பம், கையில் ஆயுதமும் இல்லை.

இந்த இடத்தில் வங்கிக்காரன் ஒரு குறிப்புச் சொல்லாமல் போக முடியாது. வழிப்பறிக்குப் பயந்து அக்காலத்தில் இங்கிலாந்தில் ரூபாய் நோட்டு போன்ற வங்கி நோட்டுகளைக் கத்தரித்து இரண்டு துண்டாக்குவார்கள். ஒரு பாதியை இந்தத் தபாலில் அனுப்பி, அது போய்ச் சேர்ந்த செய்தி வந்த பிறகு மறுபாதியை அனுப்புவார்கள். பாதியை மட்டும் திருடியவனுக்குப் பயன் இல்லை. நம் நாட்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே வழக்கம் இருந்தது. இரண்டு பாதியையும் ஒட்டிச் சேர்த்த பழைய நோட்டுகளை நாணயக் கண்காட்சிகளில் இன்றும் பார்க்கலாம்.

அவசரக்கார வியாபாரிகள் வேறு வழி கண்டார்கள். கடிதத்தைப் பொட்டலமாகக் கட்டி, பல மடங்கு காசு கொடுத்துப் பயணிகள் வண்டியில் அனுப்பினார்கள். அது சட்டப்படி குற்றம். ஆனாலும் எல்லோரும் செய்தார்கள். பாமர் இதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. ஜனங்கள் கூடுதல் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், வேகத்தைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை என்று பார்த்தார்.

1782-ல் அவர் தன் திட்டத்தை எழுதி, பாத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான ஜான் பிராட் வழியாக, நிதியமைச்சராக இருந்த இளைஞர் வில்லியம் பிட்டிடம் சேர்த்தார். திட்டத்தின் சாரம் இதுதான். பையனை நிறுத்திவிட்டு நான்கு குதிரை பூட்டிய வண்டியில் தபாலை அனுப்ப வேண்டும். ஆயுதம் தாங்கிய கார்டு ஒருவர் கூடவே போக வேண்டும். சுமார் பத்து மைலுக்கு ஒருமுறை குதிரை மாற்ற வேண்டும். புறப்படும் நேரமும் சேரும் நேரமும் குறித்துவைத்து, அதன்படியே ஓட வேண்டும். வண்டியில் நான்கு பயணிகளையும் ஏற்றினால் செலவின் பெரும்பகுதி அங்கேயே வந்துவிடும். தோற்றால் தனக்கு ஒரு காசும் வேண்டாம், ஜெயித்தால் தபால் வருமானம் கூடும் தொகையில் நூற்றுக்கு இரண்டரை வேண்டும் என்றார். இந்த இரண்டரையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிட்டுக்குப் பிடித்துப்போயிற்று. தபால் இலாகாவுக்கு அறவே பிடிக்கவில்லை. வட்டார மேற்பார்வையாளர்கள் மூன்று பேர் எழுதிக் கொடுத்த மறுப்புகள் மூன்று தொகுதிகளாக வந்தனவாம். இரவில் வண்டி ஓட்டினால் ஆபத்து, ஆயுதம் கொடுத்தால் கொள்ளையனும் ஆயுதம் எடுப்பான், தபால் எதற்காக எல்லா வண்டியையும்விட வேகமாகப் போக வேண்டும் என்றெல்லாம் கேட்டார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு, எங்கள் கிளைக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது நானும் சக ஊழியர்களும் பேசிய பேச்சு ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றுவிட்டது.

பிட் இதற்குள் பிரதமராகிவிட்டார். 1784 ஜூன் மாதம் எல்லோரையும் அழைத்து வைத்துப் பேசி, ஒரு சோதனை ஓட்டம் நடக்கட்டும் என்று உத்தரவு போட்டார். லண்டன், தாட்சம், மார்ல்பரோ, பாத் ஊர்களின் விடுதிக்காரர்கள் ஐந்து பேர், மைலுக்கு 3 பென்ஸ் வாங்கிக்கொண்டு குதிரை தருவதாக ஒப்பந்தம் எழுதினார்கள்.

1784 ஆகஸ்டு 2-ந் தேதி மாலை 4 மணிக்கு முதல் மெயில் கோச் பிரிஸ்டலிலிருந்து கிளம்பியது. 5.20-க்கு பாத். அங்கிருந்து மார்ல்பரோ மேடுகளைத் தாண்டி இரவெல்லாம் ஓடி, மறுநாள் காலை 8 மணிக்கு லண்டன் லொம்பார்டு தெருவில் தலைமைத் தபால் நிலையத்தின் வாசலில் நின்றது. ஏறக்குறைய 120 மைல், 16 மணி நேரம்.

அதற்குப் பிறகு மூன்று தொகுதி மறுப்புக்கு வேலை இல்லாமல் போயிற்று. அடுத்த ஆண்டே நார்விச், லிவர்பூல், லீட்ஸ், டோவர், எக்ஸிட்டர் என்று பல வழிகளில் மெயில் கோச் ஓடியது. 1786-ல் எடின்பரோவுக்கும் போனது. லண்டனிலிருந்து சுமார் 400 மைல், 60 மணி நேரத்தில். அந்த ஆண்டுதான் பாமருக்குத் தலைமைக் கண்காணிப்பாளர் பதவி கிடைத்தது. வருடம் 1,500 பவுண்டு சம்பளம், நிகர வருமானம் 2,40,000 பவுண்டைத் தாண்டினால் கூடும் தொகைக்கு நூற்றுக்கு இரண்டரை கமிஷன். நம் சென்னையில் பொதுத் தபால் நிலையம் தொடங்கியதும் அதே 1786-ல்தான். இங்கே பை சுமந்தவர்கள் ஓட்டக்காரர்கள், இரண்டு காலும் அவர்களுடையதே.

பாமரின் ஏற்பாட்டை ஒரு கணக்குப்பிள்ளையாக நான் ரசிக்கிறேன். வண்டியும் குதிரையும் ஓட்டுநரும் ஒப்பந்தக்காரர்களுடையவை. கார்டு மட்டும் தபால் இலாகாவின் ஆள். அவர் கையில் ஒரு கடிகாரம் இருக்கும். அது பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது. வழியில் கார்டு முள்ளைத் திருப்பிவிடக் கூடாதே! ஒவ்வொரு ஊரிலும் வந்த நேரம், போன நேரம் தாளில் ஏறும். தாமதமானால் யாரால் என்று சொல்ல வேண்டும். அப்போது நாடு முழுக்க ஒரே நேரம் கிடையாது. பிரிஸ்டலின் மணி லண்டன் மணிக்குப் பத்து நிமிடம் பின்னால். அதையும் கணக்கில் எடுத்து, கிழக்கே போகும்போது கடிகாரம் கொஞ்சம் வேகமாகவும் மேற்கே போகும்போது மெதுவாகவும் ஓடும்படி அமைத்தார்கள்.

கார்டின் ஆயுதங்கள் இரண்டு கைத்துப்பாக்கி, வாய் அகன்ற ஒரு நீண்ட துப்பாக்கி, பிறகு ஓர் ஊதுகொம்பு. அதிகம் பயன்பட்டது கொம்புதான். சுங்கச் சாவடிக்குத் தொலைவிலேயே கொம்பு ஊதுவார். சாவடிக்காரன் தூக்கத்திலிருந்து எழுந்து கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும். மெயில் கோச்சுக்கு 1785 முதல் சுங்கம் கிடையாது, தாமதப்படுத்தினால் சாவடிக்காரனுக்கு 40 ஷில்லிங் அபராதம். சின்ன ஊர்களில் வண்டி நிற்கவே நிற்காது. ஓடும் வண்டியிலிருந்து பையை எறிவார்கள், கீழிருந்து கொடுக்கும் பையைப் பிடித்துக்கொள்வார்கள். கறுப்பும் மெரூனும் பூசிய வண்டி, சிவப்புச் சக்கரம், கதவில் அரசு முத்திரை. கார்டுக்குச் சிவப்புக் கோட்டு, தங்கச் சரிகை. நாடகக்காரரின் கை பட்டது தெரிகிறது அல்லவா?

இத்தனை கம்பீரத்துக்கும் கார்டின் சம்பளம் வாரம் பத்தரை ஷில்லிங். மீதி, பயணிகள் தரும் இனாம்.

குளிர்காலத்துக்கு வருகிறேன். நம் ஊர் மார்கழிப் பனியை நினைத்துக்கொள்ள வேண்டாம். காதை மூடிக்கொண்டு கோலம் போடுகிற பனி இல்லை அது. வானத்திலிருந்து பஞ்சு பஞ்சாகக் கொட்டி, காற்று அதைத் தள்ளிச் சாலைப் பள்ளங்களில் ஆள் உயரத்துக்கு, சில இடத்தில் வண்டி உயரத்துக்குக் குவித்துவிடும். பாத் சாலையில் மார்ல்பரோ மேடு மரம் இல்லாத பொட்டல். அங்கே இரவில் பனிப்புயல் வந்தால் சாலை எது, வயல் எது என்று தெரியாது.

வண்டிக்குள் இருக்கும் நான்கு பேர் கதவை மூடிக்கொண்டு காலடியில் வைக்கோல் பரப்பி எப்படியோ சமாளிப்பார்கள். வெளியே மேல்தட்டில் உட்காருபவர்கள் பாடு சொல்லி முடியாது. கட்டணம் குறைவு என்று வெளியே ஏறுபவர்கள்தான் அதிகம். 1812 மார்ச்சில் பாத் வண்டி ஒன்று சிப்பனம் ஊருக்குள் வந்து நின்றபோது, மேலே இருந்த மூன்று பேர் அசையவில்லை. அருகே போய்ப் பார்த்தால் இருவர் குளிரில் விறைத்து இறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. மூன்றாமவரும் பிழைக்கவில்லை. உள்ளே உட்காருவதற்கும் வெளியே உட்காருவதற்கும் உள்ள கட்டண வித்தியாசம் சில ஷில்லிங்குகள்.

வண்டி பனியில் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று கார்டுகளுக்கு விதி இருந்தது. பயணிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடக் கூடாது. ஒரு குதிரையை அவிழ்த்து, பைகளைப் போட்டுக்கொண்டு ஏறிப் போக வேண்டும். குதிரையும் போகாவிட்டால் தோளில் சுமந்து நடக்க வேண்டும். பாமர் இலாகாவை விட்டுப் போன பிறகு மெயில் கோச்சுகளை நிர்வகித்த தாமஸ் ஹாஸ்கர் இதில் மிகக் கண்டிப்பு. 1814 ஜனவரியில் நாடெங்கும் சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடந்தன. தேம்ஸ் நதி உறைந்து, பிப்ரவரியில் அதன் மேல் கடை போட்டுச் சந்தை நடத்தினார்கள். அந்தக் குளிரிலும் கார்டுகள் பையோடு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். அப்போது பாமருக்கு 71, 72 வயது.

பனிக்கு மட்டுமல்ல, எதற்கும் தயாராக இருக்க வேண்டிய வேலை அது. 1816 அக்டோபரில் எக்ஸிட்டர் மெயில் சால்ஸ்பரி அருகே ஒரு விடுதி வாசலில் நின்றபோது, முன்குதிரை மேல் ஒரு பெண் சிங்கம் பாய்ந்தது. ஊர் ஊராகப் போகும் மிருகக்காட்சிக் கூட்டத்திலிருந்து தப்பி வந்தது அது. வண்டிக்காரனுக்கு விதிப் புத்தகத்தில் இதற்கு வழி எழுதியிருக்க நியாயமில்லை. சிங்கத்தை உடையவர்கள் வந்து பிடித்துப் போனார்கள். மெயில் கிளம்பியது.

நான் மறக்க முடியாதது 1831-ன் கதை. பாமர் இறந்து பதின்மூன்று வருடம் ஆகியிருந்தது, ஆனால் அவர் போட்ட ஒழுங்கு அப்படியே இருந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி, ஸ்காட்லாந்தில் டம்ஃபிரீஸிலிருந்து எடின்பரோ போகும் மெயில், மோஃபாட் ஊரை அடைந்தபோது பனிப்புயல். அங்கேயே தங்கியிருக்கலாம். கார்டு ஜேம்ஸ் மெக்ஜார்ஜும் ஓட்டுநர் ஜான் குட்ஃபெல்லோவும் கிளம்பினார்கள். சில மைல் தாண்டியதும் வண்டி புதைந்துவிட்டது. குதிரைகளை அவிழ்த்துப் பைகளை ஏற்றிக்கொண்டு மேலே போனார்கள். கொஞ்ச தூரத்தில் குதிரைகளாலும் முடியவில்லை. அவற்றைத் துணைக்கு வந்தவரோடு திருப்பி அனுப்பிவிட்டு, இருவரும் பைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் மலை மேல் நடந்தார்கள். மறுநாள் தேடிப்போனவர்கள் கண்ணில் முதலில் பட்டது பைகள்தான். பனியில் வழி தெரிய நட்டிருந்த கம்பத்தில் அவற்றைப் பத்திரமாகக் கட்டி வைத்திருந்தார்கள். அந்த இருவரின் உடல்கள் சில நாள் கழித்துத்தான் கிடைத்தன.

கம்பத்தில் பையைக் கட்டிய விரல்கள் அந்தக் குளிரில் எப்படி முடிச்சுப் போட்டன என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்தப் பைகளுக்குள் என்ன இருந்திருக்கும்? முக்கால்வாசி சாதாரணக் கடிதமாகத்தான் இருக்கும். சரக்கு விலை, மாமியாருக்குக் காய்ச்சல், பணம் அனுப்பு என்று. அன்றைய வழக்கப்படி வாங்குபவர்தான் தபால் கூலி கொடுக்க வேண்டும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பியும் விடலாம்.

பாமர் கதை எங்கே நின்றது? 1786-ல் பதவி, புகழ். கிளாஸ்கோ வியாபாரிகள் அவருக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார்கள். அவர் பெயர் பொறித்துச் செப்பு டோக்கன்கள்கூட அடித்தார்கள். ஆனால் வெளியிலிருந்து வந்த மனிதரை இலாகா ஏற்றுக்கொள்ளவே இல்லை. பாமரிடமும் குற்றம் இருந்தது. தனக்கு மேலே இருந்த தலைமைத் தபால் அதிபர்களை அவர் மதிக்கவில்லை. தான் பிட்டுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர் என்பது அவர் நினைப்பு. தலைமை அதிபர்களில் ஒருவரான வால்சிங்கம் பிரபு கணக்கை வரி வரியாகப் பார்க்கிறவர். இருவருக்கும் ஒத்துப்போகுமா?

கவிழ்த்தது சொந்த ஆள்தான். சார்லஸ் பானர் என்பவர் நடிகராக இருந்தவர். பாமரே தூக்கிவிட்டுத் தபால் இலாகாவில் தன் துணை அதிகாரி ஆக்கினார். 1792-ல் இருவருக்கும் சண்டை வந்து, பாமர் அவரைத் தற்காலிகமாக நீக்கினார். பாமர் நம்பிக்கையோடு தனக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்களைப் பானர் கொண்டுபோய் வால்சிங்கம் பிரபுவிடம் கொடுத்துவிட்டார். மேலதிகாரிகளை எப்படிச் சுற்றலில் விடுவது என்று அவற்றில் பாமர் எழுதியிருந்தார். நாட்டின் கடிதங்களையெல்லாம் துப்பாக்கிக் காவலோடு அனுப்பியவரை, அவர் எழுதிய கடிதங்களே கவிழ்த்தன. பிட்டாலும் காப்பாற்ற முடியவில்லை, பதவி போயிற்று. பானருக்குப் பாமரின் நாற்காலி கிடைத்தது, சில ஆண்டுகளில் அதுவும் பறிபோனது.

பாமருக்கு வருடம் 3,000 பவுண்டு பென்ஷன் என்று பிட் முடித்து வைத்தார். சின்னத் தொகை அல்ல, வேறு யாராக இருந்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வெந்நீர் ஊற்றில் குளித்துக்கொண்டிருப்பார்கள். பாமர் விடவில்லை. நூற்றுக்கு இரண்டரை என்பது ஆயுள் முழுவதற்கும் பேசிய பேச்சு, அதைக் கொடுங்கள் என்றார். 1799-ல் நாடாளுமன்றத்துக்குப் போனார், தோற்றார்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். 1784-ல் மெயில் கோச் தொடங்கியபோதே கடிதக் கட்டணத்தையும் அரசு உயர்த்தியது. வருமானம் கூடியதில் வேகத்தால் எவ்வளவு, கட்டண உயர்வால் எவ்வளவு என்று யார் பிரிப்பது? கணக்குப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதைப் பிரிக்க முடியாது. ஆனால் பேசிய பேச்சில் அப்படிப் பிரிக்க வேண்டும் என்ற நிபந்தனையே இல்லை. கூடும் வருமானத்தில் இரண்டரை என்பதுதான் பேச்சு. பாமர் பக்கம்தான் நியாயம் என்பது என் கருத்து.

இதற்கு நடுவே பாத் மக்கள் அவரை இரண்டு முறை மேயராக்கினார்கள், 1796-லும் 1809-லும். 1801-ல் நாடாளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள். 1808-ல் அந்த இடத்தை மகன் சார்லஸுக்கு விட்டுக்கொடுத்தார். ராணுவ அதிகாரியான மகன், அப்பாவின் வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டு சபையில் விடாமல் பேசினார். 1813-ல்தான் 50,000 பவுண்டு கொடுக்க நாடாளுமன்றம் ஒப்புக்கொண்டது. பதவி போய் இருபத்தொரு வருடம் கழித்து, எழுபதைத் தாண்டிய வயதில். கேட்டதில் முழுத் தொகை இல்லை. வட்டி போட்டுப் பார்த்தால் இன்னும் குறைவு.

1818 ஆகஸ்டு 16-ந் தேதி பிரைட்டனில் பாமர் இறந்தார். உடலைப் பாத்துக்குக் கொண்டுவந்து அங்குள்ள பெரிய தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். மகன் சார்லஸ் பிரான்சில் போர்தோ பக்கம் ஒரு திராட்சைத் தோட்டம் வாங்கியிருந்தார். உலகப் புகழ் பெற்ற அந்தத் தோட்டத்து ஒயின் புட்டியில் இன்றும் பாமர் என்ற பெயர்தான். ரயில் வந்தது. ஒவ்வொரு வழியாக மெயில் கோச் நின்றது. லண்டனிலிருந்து கடைசி வண்டி 1846-ல், நார்விச்சுக்கு.

முதல் மெயில் கோச் ஓடி இருநூறு ஆண்டு ஆனதற்காகப் பிரிட்டன் தபால் துறை 1984-ல் ஐந்து ஸ்டாம்புகள் வெளியிட்டது. ஒவ்வொன்றும் 16 பென்ஸ், ஐந்தும் ஒட்டியபடி வரிசையாக இருக்கும். முதலாவதில் 1784-ன் பாத் மெயில். அடுத்தது அந்தப் பெண் சிங்கம். ஐந்தாவது, 1831-ல் பனியில் சிக்கிய எடின்பரோ மெயில். டெஸ்பாட்ச் பிரிவில் இருந்த காலத்தில் தொடங்கிய என் ஆல்பத்தில் அந்த வரிசை இருக்கிறது. பார்க்க விரும்பும் பிள்ளைகள் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மேல் கிளப் ஹவுஸுக்கு வரலாம். பூதக்கண்ணாடி நான் கொண்டுவருகிறேன். ஐந்தாவது ஸ்டாம்பை மட்டும் கையால் தொட வேண்டாம்.